ஆறு விழாத ஞாயிற்றுக்கிழமைகள்

"கண்ணாடில இந்த ஓட்டையைப் போட்டவனுக்குக் கழுத்தே கிடையாதுன்னு நெனைக்கிறேன்."

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து நாலாம் நம்பர் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் விசாரணை அக்கா, ஒரு நாள்கூட இதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனதில்லை. அவர் சொல்வது நியாயம்தான். பயணிகள் பேசுவதற்காகக் கண்ணாடியில் போட்ட வட்ட ஓட்டை, உள்ளே உட்காருபவரின் தொண்டைக்கு நேராக இருக்கிறது. பதில் சொல்லக் குனிய வேண்டும், கேள்வி கேட்கக் காதைச் சாய்க்க வேண்டும். பதினாறு வருஷமாக அக்கா குனிந்தும் சாய்ந்தும் பிழைப்பு நடத்துகிறார். மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கழுத்துக்குத் தைலம் தேய்ப்பது. இரண்டாவது வேலை ஓட்டை போட்டவனைத் திட்டுவது.

அக்காவுக்குக் கண் தெரியாது. பிறவிக் கோளாறு இல்லை. இருபத்தெட்டு வயதில் ஒரு கண் போனது, முப்பதில் இன்னொன்று. அதற்கு முன்னால் அதே பேருந்து நிலைய அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். பார்வை போனதும் அவரை எங்கே உட்கார வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணைக் கவுண்டரில் ஆள் இல்லாமல் இருந்தது, அங்கே வைத்தார்கள். ஆறு மாதத்தில் நானூற்றுச் சொச்சம் பேருந்து நேரத்தையும் தலைக்குள் ஏற்றிக்கொண்டார். எது ஞாயிற்றுக்கிழமை ஓடாது, எது மழை பெய்தால் சுற்றிப் போகும், எந்த டிரைவர் டீ குடிக்க இறங்கினால் பத்து நிமிஷம் கூட ஆகும், எல்லாம் அதில் அடக்கம்.

எனக்கு அவரைத் தெரிந்தது குரலாகத்தான். என் அம்மா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்தாள். தினமும் விடிந்ததும் சோற்றுப் பாத்திரத்தோடு நான் கிளம்ப வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாள் விசாரணை நம்பருக்குப் போன் செய்து கேட்டேன். இரண்டாம் நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே, "ஆஸ்பத்திரி பொண்ணுதானே? ஆறு இருபது வண்டி பிரேக் டவுன். ஆறு முப்பத்தஞ்சுல ஏறு. டிரைவர்கிட்ட சொல்லியாச்சு, நீ மாற வேண்டிய வண்டிக்குப் பக்கத்துலயே நிறுத்துவாரு" என்றார். நாற்பத்தொரு நாளும் அப்படித்தான். ஒரு நாள்கூட நான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போகவில்லை. அம்மா நடந்தே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாளைப் பார்த்ததும் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "காபி ஆறிடும், பேச்சு அப்புறம்" என்றார்.

விசாரித்ததில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார். அப்படித்தான் எங்கள் ஆட்டம் தொடங்கியது.

நாலு பேர். நான், பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் என் நாத்தனார், கீழே கடை வைத்திருக்கும் டைலரம்மா, அக்கா. ஆட்டம் லூடோதான். நாலு நிறம், ஆளுக்கு நாலு காய், ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். அக்காவால் எங்கள் அட்டையில் கட்டத்தைத் தடவிப் பார்க்க முடியவில்லை. டைலரம்மா ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழைய திரைச்சீலைத் துணியில் புதுப் பலகை தைத்துக் கொடுத்தார். கட்டத்தின் ஓரங்களில் உள்ளே கயிறு வைத்துத் தைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டனின் ஒரு பாதி, ஒவ்வொரு காயிலும் மறு பாதி. காய் நகர்ந்தால் டிக் டிக்கென்று சத்தம் வரும். என் நாத்தனார் சத்தமில்லாமல் ஒரு கட்டம் கூடத் தள்ளி வைப்பதில் கைதேர்ந்தவள். அந்தப் பலகை வந்த அன்றோடு அவள் தொழில் படுத்துவிட்டது.

பகடைதான் இடித்தது. அக்கா உருட்டுவார், அதைத் தடவிப் பார்க்கப் போனால் விரல் பட்டுப் புரண்டுவிடும். புரண்டதா, முதலிலேயே அப்படித்தான் விழுந்ததா என்று சண்டை வரும். கடைசியில், மடியில் வைத்த கிண்ணத்துக்குள் உருட்டுவது அக்கா, அதை எட்டிப் பார்த்து என்ன விழுந்தது என்று சொல்வது பக்கத்தில் இருப்பவர், ஆட்டத்துக்கு ஒருவராக மாறி மாறி என்று ஆனது.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள். என் மாமியார் வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்று கல்யாணமான மூன்றாம் நாளே சொன்னவள். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொய் சொன்னேன். அந்த வாரம் எவனோ ஒரு பயணி, கண் தெரியாதவர்களை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கவுண்டர் முன்னாலேயே கத்திவிட்டுப் போயிருந்தான். அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று பகடையை வேண்டாவெறுப்பாகத்தான் உருட்டினார். பதினோரு தடவை உருட்டியும் ஆறு விழவில்லை, நாலு காயும் உள்ளேயே கிடந்தன. பன்னிரண்டாவது தடவை இரண்டு விழுந்தது. நான் "ஆறு" என்றேன்.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு வெளிச்சம். நாற்பத்தொரு நாள் கடனை ஒரு ஆறில் அடைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. நான் மட்டும்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டைலரம்மாவும் தான் மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார். தனக்கு ஒரு கட்டம் விட்டுக்கொடுக்காத என் நாத்தனாரும் அக்காவுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுத்ததில் அக்கா வாராவாரம் ஜெயித்தார். திங்கட்கிழமை பேருந்து நிலையம் முழுக்க அந்தப் பெருமைதான். மூணு பேரையும் தோலுரிச்சுட்டு வந்தேன் என்று டிக்கெட் கொடுப்பவர்களிடம் சொல்வாராம்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தார். வாசலிலேயே செல்போனை நீட்டினார். ஒரு கண்டக்டர் அதில் பகடை உருட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். போனைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் உள்ளே பகடை உருளும் சத்தம் வரும். பிறகு ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல விறைப்பாக, "நான்கு" என்று சொல்லும்.

"இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல" என்றார் அக்கா. "நானே உருட்டி நானே கேட்டுக்குவேன். எல்லாருக்கும் இதே போன்தான், ஏமாத்து வேலைக்கு வழியே இல்ல."

கடைசி வார்த்தையை என் நாத்தனார் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் டைலரம்மாவைப் பார்த்தேன். டைலரம்மா பலகையை விரித்தார்.

முதல் வாரம் கூத்தாகப் போனது. அக்கா சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் போன் உருட்டிவிடும். சிரித்து உருட்டியது செல்லாது என்று நாத்தனார், செல்லும் என்று அக்கா. போனை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டோம். நாத்தனாருக்கு வரிசையாக ஒன்றாக விழுந்தது. "அந்தம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க" என்று அந்தக் குரலோடு மல்லுக்கு நின்றாள்.

அக்கா அன்று தோற்றார். இரண்டு ஆட்டத்திலும் கடைசி. அடுத்த வாரமும் அப்படியே. நேரம் சரியில்லை என்று நாங்கள் சொன்னோம். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "இந்த ஆப் வர்றதுக்கு முன்னாடி, போன மாசம் எட்டு ஆட்டம் ஆடினோம். எனக்கு ஆறு மட்டும் நூத்திப் பத்து தடவை விழுந்துது. மூணு தடவை உருட்டினா ஒரு ஆறு. இந்த மூணு வாரத்துல ஆறு ஆட்டம். முப்பத்தொம்போது. ஆறு தடவை உருட்டினா ஒரு ஆறு."

நானூறு பஸ்ஸைத் தலையில் வைத்திருப்பவர், உருட்டினதையா மறப்பார்? எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை பாருங்கள்.

"டைஸ் மாறுச்சா, இல்ல நீங்க மாத்திச் சொன்னீங்களா?"

டைலரம்மா காய்களைப் பொறுக்கத் தொடங்கினார். நாத்தனாருக்குத்தான் அமைதி தாங்காது. "நான் எப்பவாச்சும் ரெண்டு மூணு தடவைதான்க்கா" என்றாள். டைலரம்மா அவள் பக்கம் திரும்பி, "நீயுமா?" என்றார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது. ஆரம்பித்து வைத்தது நான்தான் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்காக, அந்த நாற்பத்தொரு நாளுக்காக என்றெல்லாம் உளறினேன்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "அப்போ நான் ஜெயிச்சதே இல்லையா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் நெஜமாவே ஜெயிச்சீங்கக்கா. மழை பெஞ்சு கரண்ட் போச்சே, அன்னிக்கு. அந்த ஆட்டம் முழுக்க நான்தான் பாத்துச் சொன்னேன், எதையும் மாத்தல" என்றாள் நாத்தனார், ரொம்ப யோசித்து.

"தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு, பாத்தியா" என்றார் அக்கா.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். பார்த்ததுமே எந்தக் கடிதமென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். இது இரண்டு வாரத்துக்கு முன் அலுவலகத்திலிருந்து வந்தது. அன்று படித்துச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

"இப்போ படி. ஒரு எழுத்து விடாம."

படித்தேன். விசாரணைக் கவுண்டரில் பேருந்து நேரம் காட்டும் மின்திரை வைக்க உத்தேசம் என்று முதல் வரி. அதை அன்றும் சொல்லியிருந்தேன். அடுத்த இரண்டு வரிகளை விழுங்கியிருந்தேன். திரை வந்ததும் தற்போது கவுண்டரில் இருப்பவர் தபால் கட்டும் அறைக்கு மாற்றப்படுவார். ஆட்சேபணை இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். அன்று அக்காவுக்குக் காய்ச்சல். உடம்பு தேறட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டதில் தேதி இருபத்தாறு ஆகிவிட்டது.

நான் முடித்ததும் அக்கா கடிதத்தை வாங்கி டைலரம்மா இருந்த பக்கம் நீட்டி, "நீங்க ஒரு தடவை படிங்க" என்றார். டைலரம்மா படித்தார். நான் படித்ததோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. உதடு அசைவது தெரிந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அந்த இடத்தை விட்டா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார், கடிதத்தை மடித்துக்கொண்டே. "அங்கதான் நான் நாலு பேருக்குப் பதில் சொல்றவ. மத்த எடத்துல எல்லாம் எனக்குத்தான் மத்தவங்க சொல்லணும். அதையும் நீ படிக்காம விட்டுட்ட."

படியில் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கோலைத் தட்டித் தட்டி இறங்கிப் போனார்.

அன்று நான் சமைத்ததில் உப்பே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். போட்டுக்கொள்ளுங்கள், கை இருக்கிறதே என்றேன். அவர் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கவுண்டருக்குப் போனேன். முன்னால் ஏழு பேர். என் முறை வந்ததும் எதைக் கேட்பதென்று தெரியாமல், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு எப்போது வண்டி என்று கேட்டேன். குரல் தெரியாமல் இருக்குமா? "ஏழு பத்து, ரெண்டாவது நடைமேடை. அடுத்தவங்க" என்றார். நான் நகர்ந்தேன். வேறென்ன செய்ய.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. "பேனா பேப்பர் எடுத்துட்டு வா. டைலரம்மாவையும் கூட்டிட்டு வா."

அந்த ஒற்றை அறை வீட்டில் எதுவும் வைத்த இடம் மாறாது. தண்ணீர்ப் பாத்திரம், நாற்காலி, செருப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு. நான் உட்கார்ந்த நாற்காலியைக்கூட இழுக்காமல் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், டைலரம்மா திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன். "கோவம் வேற, கையெழுத்து வேற. உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

திரை நேரத்தைக் காட்டும், வண்டி வழியில் நின்றுவிட்டதைக் காட்டாது என்று எழுதச் சொன்னார். படிக்கத் தெரியாதவர்களும் தன்னைப் போலக் கண் தெரியாதவர்களும் திரையைப் பார்த்து என்ன செய்வார்கள் என்று எழுதச் சொன்னார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "பதினாறு வருஷத்துல ஒரு தப்பு கூட நடக்கலன்னு ஒரு வரி போடட்டுமாக்கா?" என்றேன்.

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "போன வருஷம் ஒரு பெரியவரைத் தப்பான வண்டில ஏத்தி விட்டேன். அவரு மூணு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாரு. அதையும் எழுது. இன்னும் உனக்குப் புத்தி வரலையே."

எழுதினேன். டைலரம்மா படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. "நன்றி காட்டணும்னா கறாரா ஆடு. ஆறு குடுக்காத" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இன்றுவரை திரும்ப எடுத்ததில்லை. அதற்கே நான் அவருக்குக் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நானாக இருந்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

மாதக் கடைசி நாள் அக்காவே போய் மேனேஜர் கையில் கடிதத்தைக் கொடுத்தார். பதினைந்து நாளில் பதில் வந்தது. நான் படித்தேன், டைலரம்மா ஒரு தடவை படித்தார். இப்போது அதுதான் முறை, எனக்கு வருத்தமில்லை. தப்பான வண்டியைப் பற்றி எழுதிய வரிக்குக் கீழே மேனேஜர் கோடு போட்டு வைத்திருந்ததாக டிக்கெட் கொடுப்பவர் ஒருவர் அப்புறம் சொன்னார். தீர்மானம் இதுதான். திரையும் இருக்கும், அக்காவும் இருப்பார், மூன்று மாதத்துக்கு. கவுண்டரில் வந்து கேட்கிறவர்களை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுவார்கள். சராசரியாக நாளைக்கு நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வந்தால் அக்கா அங்கேயே இருப்பார். குறைந்தால் தபால் அறை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் திரும்ப நடக்கிறது. அந்த விறைப்புக் குரல்தான் எங்கள் வீட்டு நீதிபதி. ஆப் வந்த பிறகு அக்கா இன்னும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போன வாரம் இரண்டாவதாக வந்தார். கடைசிக் காய் உள்ளே போக மூன்று வேண்டியிருந்தது. உலுக்கிவிட்டு அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார், நாங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். "மூன்று" என்றது. அக்கா அந்தக் காயை டிக் டிக் டிக்கென்று தானே எண்ணி வைத்தார். ஜெயித்தது என் நாத்தனார். அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் அதற்கும் ஒரு பாட்டம் புலம்பினாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நேற்றுவரை சராசரி நூற்று நாற்பத்து நாலு. ஆறு பேர் குறைகிறது. என் சொந்தக்காரர்களை வரிசையில் நிறுத்தலாமே என்றேன், வாய் சும்மா இருக்காதே. சும்மா வந்து நின்றால் குரலை வைத்தே பிடித்து விரட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அதனால் பொழுது போகாதவர்கள் போக வேண்டாம். பஸ் ஏறப் போகிறவர்கள் போங்கள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, நாலாம் நம்பர் கவுண்டர். எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், கையில் குழந்தை இருக்கிறதா, மூட்டை இருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். சுற்று வழியாக இருந்தால் இன்னும் நல்லது, அவருக்குப் பிடிக்கும். சொன்ன வண்டி சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் திரும்பி வந்து, வரவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். ஒருதடவை போய்ப் பாருங்கள்.